பகலில் எரியும் விளக்கு

எங்கள் ஒழுங்கையில் 23 மின்கம்பங்கள் இருக்கின்றன. கடந்த ஜூன் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, சுபஹுக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் அவற்றை எண்ணிப் பார்த்தேன். 14 கம்பங்களில் விளக்கு இரவில் எரிந்து காலையில் அணைந்தது. 6 கம்பங்களில் விளக்கு எரியவே இல்லை. மிகுதி 3 கம்பங்களில் விளக்கு அணையவே இல்லை. நண்பகல் வெயிலிலும் அவை எரிந்துகொண்டிருந்தன.

எரியாத ஆறில் நான்கு, டியூஷன் வகுப்புக்குப் போகும் வளைவில் அடுத்தடுத்து நிற்பவை. ஒரே ஒழுங்கையில் ஒரு பக்கம் வெளிச்சம் வீணாகிறது. இன்னொரு பக்கம் வெளிச்சம் இல்லாமல் பெண் பிள்ளைகள் பயந்து நடக்கிறார்கள். இது ஏன் நடக்கிறது, இதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்று தேடப் போனபோது நான் அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டு எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருள் இல்லாமல் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாடு முழுவதும் தெருவிளக்குகளை அணைக்கும்படி அறிவித்தார்கள். அப்போது நான் ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். என் ராத்தா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். இரசாயனவியல் வகுப்பு மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாததால் வாப்பாவினால் போய்க் கூட்டிவர முடியவில்லை. இருட்டு ஒழுங்கையால் தனியாக வருவதற்கு உம்மா விடவில்லை. ராத்தா மூன்று மாதம் அந்த வகுப்புக்குப் போகவில்லை. பெறுபேறு வந்தபோது இரசாயனவியலில் அவர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இருட்டு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டும் ஒரு காரணம்.

சக்திச் சேமிப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று மாதங்கள்தான் நினைவுக்கு வரும். ஒரு விளக்கை அணைப்பது சேமிப்பா, இல்லையா என்பது, அந்த விளக்கின் கீழ் யார் நடக்கிறார் என்பதையும் பொறுத்தது.

சபையின் வேலை என்ன?

தெருவிளக்கு, குப்பை, வடிகான், சந்தை, மையவாடி ஓர வீதி என்று நம் அன்றாட வாழ்க்கையைத் தொடுகின்ற பல விடயங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளன. இலங்கையில் மாநகர சபைகள், நகர சபைகள், பிரதேச சபைகள் என மூன்று வகையாக மொத்தம் 341 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. கிராமப் புறங்களுக்கு உரியவை பிரதேச சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அவை இயங்குகின்றன.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு பிரதேச சபையிலும் நான்கு குழுக்கள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்பவையே அவை. இக்குழுக்களில் சபை உறுப்பினர்கள் மட்டுமல்ல, அப்பிரதேசத்தில் வசிக்கும் ஏனையவர்களும் இடம்பெறலாம். அதாவது, ஓர் ஆசிரியையோ, மாதர் சங்கத் தலைவியோ, ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தரோ சுற்றாடல் குழுவில் அமர்ந்து பேசுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை எங்கள் வீட்டில் சொன்னபோது உம்மா நம்பவில்லை. "அதெல்லாம் ஆம்பிளையள்ட வேலையெண்டுதானே நாங்க இருந்தம்" என்றார்.

2023 மார்ச் மாதத்துடன் பெரும்பாலான மன்றங்களின் பதவிக் காலம் முடிந்தது. அதன் பின்னர் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே அவற்றை நடத்தினார்கள். இரண்டு வருடங்களுக்கு மேல் "எங்கட வட்டாரத்து மெம்பரிடம் சொல்லுவோம்" என்று சொல்ல முடியாத நிலை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆகவே கேட்பதற்கு இது நல்ல காலம்.

ஒரு விளக்கின் கணக்கு

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கிறேன். வலுவை நேரத்தால் பெருக்கினால் சக்தி கிடைக்கும் என்பது எல்லோரும் படித்ததுதான். ஒரு கிலோவாற்று வலு ஒரு மணி நேரம் பயன்பட்டால் அது ஒரு கிலோவாற்று மணி. கரண்ட் பில்லில் ஓர் அலகு என்று வருவது இதுதான்.

இதைத் தெருவிளக்குக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள் வெளிச்சம் தரும் சோடியம் ஆவி விளக்கு ஒன்று 100 வாற்று என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 அலகு. ஒரு வருடத்துக்கு 438 அலகு. அதே இடத்தில் 40 வாற்று எல்.ஈ.டி. விளக்கைப் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 175 அலகு போதும். ஒரு விளக்கில் மிச்சம் 263 அலகு. இப்படி 100 விளக்குகளை மாற்றும் ஒரு சபை வருடத்துக்கு 26,000 அலகுக்கு மேல் மிச்சப்படுத்தும்.

எல்.ஈ.டி. குறைந்த வலுவில் கூடிய வெளிச்சம் தருவதற்குக் காரணம் அது வேலை செய்யும் விதம். நம் பாடப்புத்தகம் அதை ஒளிகாலும் இருவாயி என்று அழைக்கிறது. பழைய குமிழைப் போல இழையைச் சூடாக்கி ஒளி பெறாமல், குறைகடத்தியினூடாக மின்னோட்டம் பாயும்போது அது நேரடியாக ஒளியைக் காலுகிறது. வெப்பமாக வீணாவது குறைவு. அதோடு எல்.ஈ.டி. வெளிச்சத்தை ஒரு பக்கமாகவே செலுத்தலாம். மின்கம்பத்தில் இருக்கும் விளக்கு வானத்துக்கு வெளிச்சம் காட்ட வேண்டிய தேவை இல்லை. வீதிக்குக் காட்டினால் போதும்.

இனி, பகலில் எரியும் அந்த மூன்று விளக்குகளின் கணக்கு. அவை 100 வாற்று விளக்குகள். பகல் 12 மணி நேரம் தேவையில்லாமல் எரிவதால் ஒரு விளக்குக்கு 1.2 அலகு, மூன்றுக்கும் 3.6 அலகு ஒரு நாளைக்கு வீணாகிறது. ஒரு மாதத்துக்கு 108 அலகு. ஆறு பேர் வசிக்கும் எங்கள் வீட்டின் மாதப் பாவனை 90 அலகைத் தாண்டுவது அரிது. உம்மா ஒவ்வொரு அறையாகப் போய் மின்விசிறியை நிறுத்தி, நாங்கள் இஸ்திரி போடுவதை வாரத்துக்கு ஒரு நாளாக்கி மிச்சம் பிடிக்கிறார். வாசலில் மூன்று விளக்குகள் எங்கள் வீட்டை விடக் கூடுதலாகப் பகலில் எரித்துவிடுகின்றன. அந்தச் செலவு கரண்ட் பில் மூலமோ வரி மூலமோ கடைசியில் மக்களாகிய நம்மிடம்தான் வந்து சேரும்.

அவை ஏன் அணைவதில்லை?

என் சாச்சா ஒரு சபையில் தெருவிளக்குத் திருத்தும் குழுவில் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டேன். பல விளக்குகளின் தலையில் ஒரு சிறிய ஒளி உணரி இருக்கிறது என்றார். பௌதிகவியலில் படிக்கும் ஒளி உணர் தடையியும் இத்தகைய ஓர் உணரிதான். வெளிச்சம் படும்போது அதன் தடை குறையும், இருளும்போது கூடும். அந்த மாற்றத்தைக் கொண்டு ஆளி தானாக இயங்கி, மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கும். உணரி பழுதானால் விளக்கு எரிந்த நிலையிலேயே நிற்கும்படிதான் பெரும்பாலும் அதை அமைக்கிறார்கள். வீதி இருளில் மூழ்குவதை விட எரிந்துகொண்டிருப்பது பாதுகாப்பு என்பதே அதற்குக் காரணம். ஆகவே பகலில் எரியும் விளக்கு ஒரு முறைப்பாடு. "என் உணரி பழுது, வந்து மாற்றுங்கள்" என்று அது பகிரங்கமாகச் சொல்கிறது. நாம்தான் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

எரியாத விளக்குகளுக்குக் காரணங்கள் பல. எங்கள் ஊர் கடலோரம். உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடுகிறது. மழைக்காலத்தில் மின்னலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் எல்.ஈ.டி.யின் உள்ளே இருக்கும் இலத்திரனியல் சுற்றைக் கெடுத்துவிடும். விலை குறைவு என்று உத்தரவாதம் இல்லாத விளக்கை வாங்கினால் ஒரு மாரியைக் கூட அது தாண்டாது. கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு உரியவை. விளக்கு சபைக்கு உரியது. கோளாறு எதில் என்று தெரிந்தால்தான் யாரிடம் சொல்வது என்று தெரியும்.

சாச்சா கடைசியாகச் சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "புள்ள, லைட்டப் போடுறது ஒரு நாள் வேல. போட்ட லைட்டப் பாக்குறதுதான் வருசம் முழுக்க வேல. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவாங்க. பியூஸ் போன அண்டைக்கு நான் மட்டுந்தான்."

சேமிப்பு என்றால் இருட்டு அல்ல

இலங்கையில் மின்சாரத்துக்கு அதிக தேவை ஏற்படுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. சூரியன் மறைந்துவிடுவதால் வீட்டுக் கூரைகளில் உள்ள சூரியப் படலங்கள் அந்த நேரத்தில் கைகொடுக்காது. நீர் மின்சாரமும் நுரைச்சோலை நிலக்கரி மின்சாரமும் போதாதபோது செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்களை இயக்க வேண்டி வருகிறது. அந்த நான்கு மணி நேரத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அலகும் பெறுமதியானது.

ஆனால் அதே நான்கு மணி நேரத்தில்தான் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வருகிறார்கள். வயதானவர்கள் இஷாத் தொழுகைக்குப் போகிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகள் பஸ்ஸால் இறங்கி நடக்கிறார்கள். ஆகவே அந்நேரத்தில் விளக்கை அணைப்பது சரியான வழி அல்ல. குறைந்த வலுவில் எரிய வைப்பதே வழி. சபைகள் எல்.ஈ.டி.க்கு மாறுவதும் ஒளி உணரிகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவில் வெளிச்சத்தைப் பாதியாக்கும் வசதி கொண்ட விளக்குகளும் இப்போது உண்டு.

விளக்குக்கு வெளியேயும் சபைகளுக்கு வழிகள் உள்ளன. சபைக் கட்டடம், பொது நூலகம், சந்தை ஆகியவற்றின் கூரைகளில் சூரியப் படலம் பொருத்தலாம். இத்தகைய முயற்சிகளுக்கு வழிகாட்ட, 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை இருக்கிறது. குப்பையிலும் சக்தி இருக்கிறது. கெரவலப்பிட்டியில் கொழும்புக் குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் பெறும் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. சிறிய ஊர்களுக்கு அவ்வளவு பெரிய நிலையம் பொருந்தாது. ஆனால் ஒன்று செய்யலாம். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவுதான். அதில் பெரும்பங்கு தண்ணீர். அதை வீட்டுத் தோட்டத்திலேயே பசளையாக்கினால், குப்பை ட்ரக்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு டீசல் எரித்து ஓட வேண்டிய தேவை குறையும். 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின் கீழ்ப் பல சபைகள் கூட்டெரு நிலையங்கள் அமைத்தன. தரம் பிரித்த குப்பை வந்தால்தான் அந்த நிலையங்கள் இயங்கும். அது நம் கையில் இருக்கிறது.

சுற்றாடலைக் கண்காணிப்பது எப்படி?

விளக்கைப் போலத்தான் காற்றும் நீரும். யாராவது பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். மீண்டும் வந்து பார்க்க வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது. மாசு உண்டாக்கக்கூடிய தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்க வேண்டும். பெரிய தொழில்களுக்கு அதிகாரசபை அதை வழங்குகிறது. சிறிய தொழில்கள் பலவற்றுக்கு வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவிக்காத நெல்லைக் குற்றும் ஆலை, சிறிய மாவரைக்கும் ஆலை, சிறிய பேக்கரி, சிறிய மரஆலை, வாகனம் திருத்தும் கராஜ் போன்றவை இதில் அடங்கும். அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் நாள்தான் "சொன்னபடி செய்தீர்களா?" என்று கேட்பதற்கான நாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய நெல் ஆலை இருக்கிறது. அதன் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அறுவடைக் காலத்தில் உமித்தூசி மூடுபனி போலப் பரவும். உம்மா கழுவிக் காயப்போட்ட உடுப்புகளை அவசரமாக எடுத்து உள்ளே போடுவார். என் மூத்தம்மாவுக்கு இழுப்பு உண்டு. அந்த மாதங்களில் அவர் இரவில் படுப்பதில்லை. கட்டிலில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார்.

முறைப்பாடு செய்ய வாப்பா தயங்கினார். அந்த ஆலையில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் எட்டுப் பத்துக்கு வேலை. கொரோனாக் காலத்தில் உரிமையாளர் வீடு வீடாக அரிசி அனுப்பினார். "அவர்ர வயித்துல அடிச்ச மாதிரி ஆயிரும்" என்றார் வாப்பா. ஆலையை மூட வேண்டும் என்று நாங்களும் நினைக்கவில்லை. தூசியை மூட வேண்டும் என்றுதான் நினைத்தோம். கடைசியில் அயலவர்கள் ஐந்து வீட்டார் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தோம். உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தன. உமியை மூடிய அறையில் சேர்க்க வேண்டும். தூசி வெளியேறும் குழாயில் கூம்பு வடிவத் தகரக் கலன் ஒன்றைப் பொருத்த வேண்டும்.

அந்தக் கூம்பின் உள்ளே காற்று சுழன்று செல்லும். பாரமான துகள்கள் வெளிச்சுவரில் மோதிக் கீழே விழும். தூசி குறைந்த காற்று மேலே போகும். வட்ட இயக்கம் பற்றி வகுப்பில் படித்த பாடம் எங்கள் வீட்டுப் பின்வளவில் வேலை செய்வதைக் கண்டேன். தூசி முழுவதும் நிற்கவில்லை. மிக நுண்ணிய துகள்களை அந்தக் கூம்பு பிடிக்காது. ஆனால் இந்த வருட அறுவடைக் காலத்தில் மூத்தம்மா பல இரவுகள் படுத்து உறங்கினார். ஆலையும் ஓடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தூசியை அளப்பதற்குக் கருவி வேண்டும். தலைமுடியின் தடிப்பை விடப் பல மடங்கு சிறிய, 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும். அவை 24 மணி நேரச் சராசரியில் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று இலங்கை 2008இல் நியமம் வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த அளவு 15 மட்டுமே. 2022 டிசம்பரில் மண்டோஸ் சூறாவளியின்போது வெளியிலிருந்து வந்த மாசுக் காற்றால் நாடே புகைமூட்டமாகியது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். காற்று கெட்டுப்போனது என்று நாம் உணர்வதற்கு முன்பே சொன்னவை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை வைத்திருந்த அளவீட்டுக் கருவிகள். அயலில் எரியும் குப்பைக்கு அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. மூக்கே போதும். பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை என்பதை மட்டும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால்

கண்காணிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அம்பாறை மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பள்ளக்காடு குப்பை மேட்டில் அயல் ஊர்கள் பலவற்றின் குப்பை கொட்டப்பட்டது. காட்டு யானைகள் அங்கே உணவு தேடி வரத் தொடங்கின. உணவோடு சேர்த்துப் பொலித்தீனையும் விழுங்கின. எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக்கை உண்டு இறந்ததாக 2022இல் செய்திகள் வெளிவந்தன. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றும் தாள்களும் இருந்தன. அந்த மேட்டைச் சுற்றி மின்வேலி இல்லாமல் இல்லை. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது. அதன் பின் திருத்தப்படவில்லை.

அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சாச்சாவின் சொல்தான் நினைவுக்கு வந்தது. வேலி போட்டது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்திருக்க வேண்டியது வருடம் முழுக்க வேலை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையும் ஒரே நாளில் உயர்ந்ததல்ல. நாளுக்கு நாள் எல்லோர் கண் முன்னாலும் வளர்ந்தது.

நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, பெற்றோர்களே, எங்கள் ஒழுங்கையில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

முதலில் எண்ணினோம். "லைட் எரியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒவ்வொரு கம்பத்துக்கும் எதிரே உள்ள வீடு அல்லது கடை, விளக்கு இரவில் எரிகிறதா, பகலில் அணைகிறதா, எந்தத் திகதியில் பார்த்தோம் என்று அட்டவணை போட்டோம். கம்பத்தைத் தொடவோ ஏறவோ கூடாது. கண்ணால் பார்த்து எழுதுவது மட்டுமே நம் வேலை.

இரண்டாவதாக, எழுத்தில் கொடுத்தோம். அட்டவணையுடன் வாப்பா ஒரு கடிதம் எழுதினார். ஒரு பிரதி சபைக்கு, ஒரு பிரதி வட்டார உறுப்பினருக்கு, ஒரு பிரதி எங்களிடம். கடிதத்தில் குறை சொல்லவில்லை. பகல் விளக்கால் மாதத்துக்கு 108 அலகு வீணாகும் கணக்கையும், வளைவில் எத்தனை பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள் என்பதையும் எழுதினோம்.

மூன்றாவதாக, கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எத்தனை தெருவிளக்குகள் வாங்கப்பட்டன, என்ன விலைக்கு, எத்தனை வருட உத்தரவாதத்துடன் என்று எந்தச் சபையிடமும் ஒரு குடிமகன் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்த விண்ணப்பம் தேவைப்படவில்லை. ஆனால் அது இருக்கிறது என்ற அறிவே தைரியம் தந்தது.

பகலில் எரிந்த மூன்று விளக்குகளின் உணரிகள் இரண்டு வாரத்தில் மாற்றப்பட்டன. எரியாத ஆறில் நான்கு சரியாகின. அவற்றில் மூன்று வளைவில் உள்ளவை. மற்ற இரண்டிலும் கம்பியில் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் காத்திருக்கிறோம்.

மத்ரஸாவில் சிறுவயதில் வுழூச் செய்யப் பழக்கும்போது, தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் வீணாக்கக் கூடாது என்றுதான் முதலில் சொல்லித் தந்தார்கள். குழாயைத் திறப்பதோடு அதை மூடவும் நமக்குப் பொறுப்பு உண்டு என்று அன்று விளங்கிக்கொண்டோம். ஒழுங்கை விளக்கும் அப்படித்தான். அது சபையின் சொத்தாக இருக்கலாம். அதன் கீழ் நடப்பவர்கள் நாம்.

ஒக்டோபரில் மறுபடியும் எண்ணினேன். புதிதாகச் சரிசெய்த விளக்குகளில் ஒன்று மீண்டும் எரியவில்லை. உப்புக் காற்றாக இருக்கலாம். முன்பென்றால் சலித்திருப்பேன். இப்போது திகதியைப் போட்டு எழுதி வைத்தேன். எனக்குப் பரீட்சை நெருங்குவதால் குறிப்புப் புத்தகத்தை ஒன்பதாம் தரம் படிக்கும் என் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருடம் அவளும் அந்த வளைவால்தான் மாலை வகுப்புக்குப் போகப் போகிறாள். எண்ணும் வேலையை அவள் என்னை விடக் கவனமாகச் செய்கிறாள்.